பாரிசில் குடும்பத்தோடு டிஸ்னிலாண்ட்: காரா, ரயிலா?

கேள்வி, 8 ஏப்ரல் 2025

புதுச்சேரியிலிருந்து மே மாதம் பிரான்ஸ் போகிறோம். பாரிசின் வடக்குப் புறநகரான சார்செல்லில் அண்ணன் வீட்டில் தங்கல். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், மூன்றரை வயதுப் பெண், எழுபதைத் தாண்டிய அம்மா. அண்ணனும் கூட வருவார். ஒரு நாள் டிஸ்னிலாண்ட் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அம்மாவை வைத்துக்கொண்டு ரயில் மாறி மாறி ஏறி இறங்க முடியாது, வேன் பிடித்துவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றுகிறது. யாராவது ரயிலில் வயதானவர்களோடு போயிருக்கிறீர்களா?

8 ஏப்ரல், இரவு

போயிருக்கிறேன். என் அக்கா வீடும் சார்செல்தான். அங்கே போகும்போதெல்லாம் ஊரிலிருந்து வந்த யாரையாவது டிஸ்னிலாண்டுக்கு அழைத்துப் போவது என் வேலையாகிவிடும். காரிலும் போயிருக்கிறேன், ரயிலிலும் போயிருக்கிறேன், என் மாமியாரோடும் போயிருக்கிறேன். ரயிலே போதும். வேன் வேண்டாம்.

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பாரிஸ் நிலத்தடி நிலையங்களில் நடக்க வேண்டிய தூரம் அதிகம். ஆனால் நீங்கள் போகும் வழியில் மாற வேண்டியது ஒரே ஒரு இடம். அந்த இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அம்மா படியேற வேண்டிய தேவையே அநேகமாக வராது. இறங்குகிற நிலையத்திலிருந்து பூங்கா வாசல் நம்ம ஊர் மணக்குள விநாயகர் கோயிலிலிருந்து கடற்கரைக்கு நடக்கிற தூரம்கூடக் கிடையாது. கார் நிறுத்துமிடத்திலிருந்து நடப்பதுதான் நீளம், அது பலருக்குத் தெரிவதில்லை.

9 ஏப்ரல்

வழியைக் கேட்டிருக்கிறீர்கள், விவரமாகவே எழுதுகிறேன்.

கார்ழ்-சார்செல் நிலையத்தில் ஆர்.இ.ஆர். என்கிற புறநகர் ரயிலில் டி வழித்தட ரயில் ஏறுங்கள், பாரிஸ் பக்கம் போவது. கார் து நோர், ஷாத்லே, கார் து லியோன் என்று நிலையங்கள் வரிசையாக வரும் (பிரெஞ்சில் 'கார்' என்றால் ரயில் நிலையம்). டிஸ்னிலாண்டுக்குப் போகும் ஏ ரயில் ஷாத்லேயிலும் கிடைக்கும், செல்போன் செயலிகள் பல நேரம் அங்கேயே மாறச் சொல்லும். அதைக் கேட்காதீர்கள். ஷாத்லே ஒரு பெரிய சந்தைக்கூட்டம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் இடிக்கும். அடுத்த நிலையமான கார் து லியோன் வரை உட்கார்ந்திருங்கள். அங்கே டி ரயிலின் நடைமேடை கீழே, ஏ ரயிலின் நடைமேடை அதற்கு நேர் மேலே. எஸ்கலேட்டரில் ஏறினால் வேலை முடிந்தது, லிஃப்டும் உண்டு. என் மாமியார் மூட்டுவலிக்காரர், எஸ்கலேட்டர் என்றால் பயப்படுகிறவர். அவர் லிஃப்டில் மேலே வந்து, "இவ்வளவுதானா?" என்றார்.

ஏ ரயிலில் ஒரே ஒரு கவனம். வான்சென் நிலையத்துக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று புவாஸி-சேன்-லெழே போகும், மற்றது மார்ன்-லா-வாலே ஷெஸ்ஸி போகும். உங்களுக்கு ஷெஸ்ஸி, அதுதான் கடைசி நிலையம். நடைமேடைப் பலகையில் டிஸ்னிலாண்ட் என்றும் சேர்த்தே போட்டிருக்கும். சில ரயில்கள் வழியிலுள்ள தோர்சி நிலையத்தோடு நின்றுவிடும். அதில் ஏறிவிட்டாலும் கவலையில்லை, அதே பாதையில் பின்னால் வருவதற்கு மாறிக்கொள்ளலாம். கார் து லியோனிலிருந்து ஷெஸ்ஸிக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம். வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

9 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

ரயிலில் கழிவறை கிடையாது! டியிலும் இல்லை, ஏயிலும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் இதுதான் முதலில் தெரிய வேண்டிய விஷயம். கார் து லியோனில் மேலே பெரிய ரயில் நிலையத்துக்குள் கட்டணக் கழிவறை இருக்கிறது. அதற்காக வெளியே வந்து திரும்ப உள்ளே போக நேரமாகும், அதனால் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

11 ஏப்ரல்

கட்டணம். 2024 வரை ஷெஸ்ஸிக்கு ஒருவழிக்கே 5 யூரோ. 2025 ஜனவரி 1 முதல் பாரிஸ் பிராந்தியம் முழுக்க ரயில், மெட்ரோ எதுவானாலும் ஒரு பயணத்துக்கு 2.50 யூரோ என்று ஒரே விலை ஆக்கிவிட்டார்கள். விமான நிலையத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். பாரிஸ் நகருக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்கு இதனால் விலை ஏறியது, நம்மைப் போல் புறநகரில் உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்குக் குறைந்தது. நாலு வயதுக்குக் கீழ் இலவசம். நாலிலிருந்து பத்து முடியும் வரை பாதிக் கட்டணம் என்று ஒரு நண்பர் கீழே எழுதியிருக்கிறார், அது சரியில்லை. ஒன்பது வயது வரைதான் பாதிக் கட்டணம், பத்து பிறந்தால் முழுசு.

ஆக 2025 விலையில் உங்கள் குடும்பத்துக்குப் பெரியவர்கள் நாலு பேருக்கு 10 யூரோ, பையனுக்கு 1.25, பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. போக வர மொத்தம் 22.50 யூரோ. வேன் பேசினால் என்ன கேட்பார்கள் என்று அண்ணனிடமே விசாரியுங்கள். ஒரு நாள் முழுக்கச் சுற்றும் பாஸ் 2025இல் 12 யூரோ, இந்தப் பயணத்துக்கு அது தேவையே இல்லை.

பயணங்களை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் காட்ட முடியாது. அட்டைக்கு 2 யூரோ, பத்திரமாக வைத்தால் அடுத்த முறையும் ஆகும். பையனுடைய அட்டையில் குறைந்த கட்டணப் பயணத்தைத் தனியாக ஏற்றச் சொல்லுங்கள். திரும்பி வரும் பயணத்தையும் காலையிலேயே ஏற்றிவிடுங்கள், இரவில் ஷெஸ்ஸி இயந்திரங்களுக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறேன்.

பூங்காவின் வயதுக் கணக்கு வேறு. அங்கே மூன்று வயதுக்குக் கீழ்தான் இலவசம், மூன்றிலிருந்து பதினொன்று வரை சிறுவர் கட்டணம். ரயிலில் இலவசமாக வந்த உங்கள் பாப்பாவுக்கு வாசலில் டிக்கெட் வேண்டும். தேதி போட்டு இணையத்திலேயே வாங்கிவிடுங்கள்.

13 ஏப்ரல்

இதைத்தான் முதலிலேயே எழுத நினைத்தேன், வழியும் கட்டணமும் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

காரில் போனால் எல்லோரும் சேர்ந்து போய் எல்லோரும் சேர்ந்துதான் திரும்ப வேண்டும். குடும்பத்தில் யாருக்கு முதலில் முடியாமல் போகிறதோ அவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது மற்றவர்கள் அவருக்காகக் கிளம்ப வேண்டும். அத்தான் காரில் போன அன்று இதுதான் நடந்தது. நாலு மணிக்கெல்லாம் மாமியாருக்குக் கால் வீங்கிவிட்டது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, ஒரு பாதத்தின் மேல் மறுபாதத்தை வைத்துத் தேய்த்தபடியே இருந்தார். பிள்ளைகளோ இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கிளம்பலாம் என்றாள், அத்தான் இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம் என்றார். எல்லோர் முகமும் வாடித்தான் வீடு திரும்பினோம்.

அதற்கு அடுத்த முறை ரயில். ஐந்து மணிக்கு அக்கா, "அத்தை, நாம போகலாம் வாங்க" என்று மாமியாரை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆளுக்கு ஓர் அட்டை, பத்து இருபது நிமிடத்துக்குள் ஒரு ரயில். யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதாகவில்லை. நாங்கள் இரவுக் காட்சி வரை இருந்துவிட்டு வந்தபோது மாமியார் சூடாக ரசம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ரயிலைச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதுமான காரணம். பணம் மிச்சமாவதெல்லாம் அப்புறம்தான்.

20 ஏப்ரல்

"ரயிலில் திருட்டு அதிகம், நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள்" என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். எச்சரிக்கை சரிதான். உலகம் முழுக்க வந்து குவியும் சுற்றுலாப் பயணிகளின் பாதை அது, கை வைக்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். தாலிக்கொடியைப் புடவைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள். கதவுக்கு அருகே நின்று போன் பார்க்க வேண்டாம், கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இவ்வளவு போதும். வேனில் போவதற்கு இது ஒரு காரணமாகாது.

26 ஏப்ரல்

தேதி முடிவாகவில்லை என்கிறீர்கள். மே மாதம் பிரான்சில் விடுமுறைக் காலம். 2025இல் மே 1, மே 8, மே 29 மூன்றுமே வியாழக்கிழமை. நடுவில் வரும் வெள்ளியையும் சேர்த்து நாலு நாள் விடுப்பு எடுத்துவிடுவார்கள், அந்த நாட்களில் பூங்காவில் நிற்க இடம் இருக்காது. பள்ளிகளின் வசந்த விடுமுறையும் மே தொடக்கம் வரை சில மாவட்டங்களில் நீள்கிறது. புதன்கிழமை அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி அரை நாள் அல்லது விடுமுறை. மே நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பாருங்கள், 13 அல்லது 20.

27 ஏப்ரல்

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது? பூங்கா பொதுமக்களுக்கு 9.30க்குத் திறக்கும், அங்குள்ள டிஸ்னி விடுதிகளில் தங்குகிறவர்களை ஒரு மணி நேரம் முன்பே விடுகிறார்கள். வாசலில் பை சோதனை உண்டு. ஏழரைக்கு வீட்டை விட்டு இறங்கினால் சரி. அலுவலகக் கூட்டம் இருக்கும் நேரம்தான், கார்ழ்-சார்செல்லில் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம். அம்மாவுக்கு யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள், அந்த ஊரில் நான் பார்த்தவரை அது உண்டு.

2 மே

ரயில் எப்படிப் பூங்காவின் வாசலுக்கே வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, எனக்கு இது பிடித்தமான விஷயம்.

அந்த இடம் முழுக்கப் பீட் கிழங்கு விளைந்த வயல்காடு. ஏ ரயில் பாதை 1980இல் தோர்சி வரை வந்து அதோடு நின்றிருந்தது. டிஸ்னி நிறுவனம் ஐரோப்பாவில் இடம் தேடியபோது ஸ்பெயினும் போட்டியில் இருந்தது. 1987 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ழாக் ஷிராக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ஏ ரயில் பாதையைத் தோர்சியிலிருந்து ஷெஸ்ஸி வரை நீட்டிக் கொடுப்பதும் அரசின் பொறுப்புகளில் ஒன்று. அப்படியே செய்தார்கள். நிலையம் 1992 ஏப்ரல் 1 அன்று திறந்தது, பூங்கா ஏப்ரல் 12 அன்று. பூங்காவைத் திட்டமிடும்போதே ரயிலில் வந்து இறங்கும் கூட்டத்தை மனதில் வைத்து வாசலை அமைத்ததால்தான் நம் பாட்டிமார்கள் இன்று நாலு எட்டில் உள்ளே போக முடிகிறது. இரண்டு வருடம் கழித்து, 1994இல், அதிவேக டிஜிவி நிலையமும் அதே இடத்தில் வந்துவிட்டது. சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து டிஜிவியில் பத்து நிமிடம்தான். ஊருக்குள் போகாமல் நேரே டிஸ்னிலாண்டில் தங்குகிறவர்களுக்கு அது வசதி.

4 மே

வழி பற்றி ஏப்ரல் 9ஆம் தேதி எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கார் து நோருக்கும் ஷாத்லேவுக்கும் நடுவில் பி ரயிலும் டி ரயிலும் ஒரே சுரங்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, இரண்டே தண்டவாளம். ஒன்றில் கோளாறு என்றால் மற்றதும் நிற்கும். டி ரயில் தாமதத்துக்குப் பெயர் வாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அன்று காலை டி தடுமாறினால் கார் து நோரில் இறங்கி, அதையொட்டி நிலத்துக்கு ஆழத்தில் இருக்கும் மாஜாந்தா நிலையத்தில் இ ரயில் பிடியுங்கள். தூர்னான் கிளையில் போவதாகப் பார்த்து ஏறி, வால் து ஃபோந்தெனேயில் இறங்கினால் அங்கே ஏ ரயில் வரும். அந்த நிலையம் வான்சென் பிரிவுக்கு அப்பால் இருப்பதால் கிழக்கே போகிற எந்த ஏ ரயிலும் உங்கள் பாதையில்தான் போகும், தவறிப் புவாஸி பக்கம் போகும் பேச்சே இல்லை. அக்கா வீட்டில் எல்லோருக்கும் இந்த வழி மனப்பாடம்.

வால் து ஃபோந்தெனேயில்தான் ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கும் வரும். அடுத்து மார்ன் ஆற்றைத் தாண்டும். மாடி வைத்த ரயில் என்பதால் பிள்ளைகளை மேல்தளத்தில் உட்கார வையுங்கள். வாசலிலிருந்து மேலே போகவும் கீழே போகவும் சில படிகள் உண்டு. அம்மாவுக்குப் படி வேண்டாம் என்றால் கதவருகே மடக்கு இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

10 மே

சாப்பாடு. கட்டிக்கொண்டு போகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போகலாம். பெரிய குளிர்பெட்டியும் கண்ணாடிப் பாட்டிலும் கூடாது. புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று டப்பாவில் கொண்டுபோய் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. உள்ளே ஐந்தாறு பேர் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் ரயில் கட்டணத்தைப் போல் பல மடங்கு ஆகும். சமைக்க நேரமில்லை என்றால் முந்தின நாள் லா ஷப்பெல் பக்கம் போங்கள், கார் து நோரிலிருந்து நடக்கிற தூரம்தான். ஈழத்தவர் கடைகளில் வடை, ரோல்ஸ், இடியாப்பம் எல்லாம் கிடைக்கும். ரோல்ஸ் ஆறினாலும் நன்றாக இருக்கும். தயிர்சாதம் மட்டும் வெயில் நாளில் வேண்டாம்.

தண்ணீர் பாட்டில் காலியாகக் கொண்டுபோனால் போதும், உள்ளே குழாய்கள் உண்டு. பால், பழம், பிரெட் வாங்க வேண்டுமானால் ஷெஸ்ஸிக்கு ஒரு நிலையம் முன்னால் வால் துரோப்பில் பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறது.

16 மே

அம்மாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நிறைய இருக்கிறது.

பூங்காவைச் சுற்றி ஒரு நீராவி ரயில் ஓடுகிறது, நிஜ நீராவி இயந்திரம். வாசலுக்கு நேர் மேலே முதல் நிலையம், சுற்றில் மொத்தம் நாலு நிலையங்கள். அம்மாவை முதலில் இதில் ஏற்றுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே பூங்கா எவ்வளவு பெரியது என்று புரிந்துவிடும். என் மாமியார் கரிப்புகை வாசனை வருமா என்று மூக்கை நீட்டிப் பார்த்தார், சின்ன வயதில் விழுப்புரம் வண்டியில் போன நினைவு அவருக்கு. அப்புறம், பொம்மைக் குழந்தைகள் பல நாட்டு உடையில் ஆடும் படகுச் சவாரி. மூன்றரை வயதுக்கும் எழுபதுக்கும் ஒரே மாதிரி பிடிக்கும். கோட்டைக்கு அடியில் குகையில் ஒரு டிராகன் படுத்திருக்கிறது, மூச்சு விடும், வாலை ஆட்டும். பாப்பா பயப்படுவாளா என்று முதலில் நீங்கள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பையனுக்கு: சுரங்க ரயில் ரோலர் கோஸ்டரான பிக் தண்டர் மவுண்டனுக்கு 102 சென்டிமீட்டர் உயரம் போதும். ஏரி நடுவே தீவில் இருக்கிறது அது. தண்ணீருக்கு அடியில் சுரங்கம் வழியாக அந்தத் தீவுக்குப் போய்த் திரும்பும் அந்தப் பாய்ச்சல் எனக்கே பிடிக்கும். இந்தியானா ஜோன்ஸுக்கு 140 வேண்டும், ஒன்பது வயதுக்கு அநேகமாக எட்டாது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வரிசையில் நின்ற பிறகு அளந்து திருப்பி அனுப்பினால் பிள்ளை மனம் நொந்துபோகும்.

மழை வந்தால் பிரதான வீதியின் இரு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரை போட்ட நடைவழி இருக்கிறது. பாரிஸ் மழைக்காகவே கட்டியது. நனையாமல் வாசல் வரை வரலாம், உட்காரவும் இடம் கிடைக்கும்.

24 மே

கேள்வி கேட்டவர் குடும்பத்தோடு போய் வந்துவிட்டார், செவ்வாய் 20ஆம் தேதி. அவர் எழுதியதைப் படித்து நெகிழ்ந்துபோனேன்.

ஐந்து மணிக்கு அம்மா கிளம்பிவிடுவார் என்று நாம் எல்லோரும் இங்கே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தோம். நடந்தது வேறு. பாப்பாதான் முதலில் துவண்டு தூங்கிப்போனாளாம். மருமகள் குழந்தையோடு, அண்ணன் துணையாக ஆறு மணி ரயிலில் கிளம்பிவிட்டார்கள். அம்மா பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இரவுக் காட்சி வரை அசையவில்லை! வாசலில் வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலி பெரிய உதவி என்கிறார். நாள் முழுக்க அதில் பாதி நேரம் பேரன்தான் உட்கார்ந்திருந்தானாம்.

இதைப் படித்தபிறகு ஏப்ரல் 13ஆம் தேதி நான் எழுதியதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. யார் முன்னால் கிளம்புவார் என்று வீட்டிலேயே தீர்மானிக்காதீர்கள். வயதானவர்தான் முதலில் சோர்வார் என்று நாமாக நினைத்துவிடுகிறோம். இரண்டு குழுவாகப் பிரிய முடியும் என்ற வசதி மட்டும் இருக்கட்டும், இரு குழுவிலும் வழி தெரிந்த ஒருவர் இருக்கட்டும். மற்றதை அன்று சாயங்காலம் முடிவு செய்யலாம்.

இரவுத் திரும்பலில் டி ரயிலுக்குக் கார் து லியோனில் நெடுநேரம் காக்க வேண்டியிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். உண்மைதான், பத்து மணிக்கு மேல் இடைவெளி கூடும். காட்சி முடிந்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் நிலையத்துக்கு வரும், அதனால் கடைசி வெடி வெடிப்பதற்குள் நகரத் தொடங்குங்கள்.

1 ஜூன்

லண்டனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணை, நாங்கள் லண்டனிலிருந்து நேராய் ரயிலில் டிஸ்னிக்கு வரேலாதோ? முந்தி ஓடினதெல்லோ?" ஓடியது, தங்கச்சி. யூரோஸ்டார் நேரே ஷெஸ்ஸிக்கு விட்டுக்கொண்டிருந்த ரயிலை 2023 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது யூரோஸ்டாரில் வட பிரான்சின் லீல் நகர் வரை வந்து, அங்கே டிஜிவி மாறி ஷெஸ்ஸியில் இறங்கலாம். பாரிசுக்குள் நுழைந்து கார் து நோரிலிருந்து பெட்டிகளோடு ஆர்.இ.ஆர். ஏறுவதைவிட அது உங்களுக்குச் சுகம். லீலில் மாற ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள், இரண்டையும் ஒரே பதிவில் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அம்மம்மாவும் வருகிறார் என்றால், பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு அன்றைக்கு ஓய்வெடுத்து மறுநாள் காலை பூங்காவுக்குப் போங்கள்.